மூன்று பேர் உள்ள சிறிய குழு, பல சர்வர்களில் தரவைப் பிரதி எடுத்து வைக்கும் கசாண்ட்ரா என்ற தரவுத்தள மென்பொருளைத் தானே நிறுவி, ஓட்டி, பராமரிக்க முடியுமா?

முடியும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு நாங்கள் மூன்று பேர் அதைத்தான் செய்கிறோம். ஆனால் "மூன்று சர்வரில் போட்டுவிட்டால் ஒன்று விழுந்தாலும் மற்றவை பார்த்துக்கொள்ளும்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். 2024 நவம்பர் வெள்ளம் வரைக்கும் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

எங்கள் வேலை நெல் ஆலைகளின் கணக்கு. வட்டைக்கு உரம் கடனாகக் கொடுப்பார்கள், அறுவடைக்குப் பிறகு நெல் மூடையில் கழிப்பார்கள். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று மூன்றிலும் ஒவ்வொரு சர்வர், ஒவ்வொன்றிலும் முழுப் பிரதி. மூன்றில் இரண்டு "சரி" என்றால் பதிவு ஏறும். ஓர் ஊரில் கரண்ட் போனாலும் மற்ற ஊரில் ரசீது அடிக்கலாம். உரிமக் கட்டணம் கிடையாது. கசாண்ட்ரா பேஸ்புக்கில் பிறந்து 2008இல் திறந்த மூலமானது, 2010 முதல் அப்பாச்சி என்ற மென்பொருள் அறக்கட்டளையின் முதன்மைத் திட்டங்களில் ஒன்று. தனியொரு கம்பனி நாளைக்கு உரிமத்தை மாற்றிவிடுமோ என்ற பயமில்லாமல் எடுத்தோம்.

வெள்ளம் வந்ததும் கல்முனை சர்வரை நிறுத்தி மேல்மாடியில் தூக்கி வைத்தார்கள். பதினேழு நாள் அப்படியே கிடந்தது. மற்ற இரண்டும் ஓடின, வேலை நிற்கவில்லை. பிறகு துடைத்து, வயர் மாட்டி, ஆன் பண்ணினோம். மறுநாள் காலையில் ஆலையில் இருந்து கோல்: "அண்ணன், தீர்த்த கடனெல்லாம் திரும்பி வந்து கிடக்கு." நாற்பத்தொரு விவசாயிகளின் பெயரில், கட்டி முடித்து நாங்கள் நீக்கிய கடன், கட்டாததுபோல நின்றது. ஓர் ஐயா ரசீதுத் துண்டோடு நேரே கந்தோருக்கே வந்துவிட்டார். அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

நடந்தது இதுதான். கசாண்ட்ராவில் ஒன்றை நீக்கினால் அது உடனே அழியாது. "இது நீக்கப்பட்டது" என்று ஓர் அடையாளம் எழுதப்படும், அதற்கு டூம்ஸ்டோன் என்று பெயர். நாமாக மாற்றாவிட்டால் அதற்கு ஆயுள் 8,64,000 வினாடி, அதாவது 10 நாள். அதற்குப் பிறகு கோப்புகளைச் சுருக்கும்போது அந்த அடையாளமும் போய்விடும். விழுந்துகிடக்கும் சர்வருக்கென்று மற்றவை எடுத்துவைக்கும் குறிப்புகளும் வழக்கமாக முதல் 3 மணி நேரத்துக்குத்தான். ஆகவே கல்முனை எழுந்தபோது அதனிடம் பழைய கடன் இருந்தது, மற்ற இரண்டிலும் நீக்கியதற்கான அடையாளமே இல்லை. கசாண்ட்ராவின் கண்ணுக்கு அந்த இரண்டும் ஒரு பதிவைத் தவறவிட்ட சர்வர்கள். அதனால் பழைய கடனை அவற்றுக்கும் அது பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டது.

பத்து நாளுக்கு மேல் கிடந்த சர்வரை அப்படியே சேர்க்கவே கூடாது. அதிலுள்ள தரவை முழுதாக அழித்து, புதிதாக வரும் சர்வரைப்போலச் சேர்த்து, மற்றவற்றில் இருந்து நிரப்ப விடவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களிலும் அந்தப் பத்து நாளுக்குள் ஒருமுறையாவது 'ரிப்பேர்', அதாவது பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேலை, ஓட வேண்டும். நாங்கள் சனிக்கிழமை இரவுகளில் ஓட்டுகிறோம். மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டாம், ஒன்று முடிந்து அடுத்தது. அப்புறம் கடிகாரம். ஒரே பதிவை இருவர் மாற்றினால் பிந்திய நேரம் உள்ளதுதான் நிற்கும். ஒரு கணினியின் நேரம் நாலு நிமிடம் முந்தி ஓடினால், உண்மையில் பிறகு திருத்தியவரின் திருத்தம் சத்தமில்லாமல் தோற்றுப்போகும். கணினிகளின் நேரத்தை ஒன்றாக வைத்திருக்கும் என்டிபி ஓடுகிறதா என்று தினமும் பாருங்கள்.

உங்கள் தரவு ஒரே கணினிக்குள் அடங்கும், ஒரு மணி நேரம் நின்றாலும் பரவாயில்லை என்றால் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளமே போதும். அதை நல்ல பேக்கப்போடு வைத்திருங்கள்.

கல்முனையில் இப்போது சர்வரின் சுவிட்சுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: "எத்தனை நாள் நின்றது? பத்துக்கு மேல் என்றால் போடாதீர்கள், முதலில் கூப்பிடுங்கள்." கீழே என் நம்பர்.