திட்டினால்தான் டேமேஜ் குறைகிறதா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். நன்றாகத் தைத்தவரைப் பாராட்டினால் மறுநாளே சொதப்புகிறார். சத்தம் போட்டால் டேமேஜ் குறைகிறது. ஆனாலும் ஃபைனல் செக்கிங்கில் டேமேஜ் மொத்தமாக வந்து நிற்கிறது. கண்டிப்பை இன்னும் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் கவனித்தது உண்மைதான். அதற்கு நீங்கள் நினைக்கும் காரணம்தான் வேறு.

1960-களில் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு உளவியல் வகுப்பு எடுத்தார் டேனியல் கானமன். 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர். தண்டனையைவிடப் பாராட்டுதான் பலன் தரும் என்று அவர் சொன்னதும், மூத்த பயிற்சியாளர் ஒருவர் எழுந்து மறுத்தார். அவர் சொன்னதும் நீங்கள் சொல்வதும் ஒன்றே: பாராட்டினால் பையன்கள் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறார்கள், திட்டினால் தேறுகிறார்கள். கானமன் தரையில் சாக்பீஸால் ஓர் இலக்கு வரைந்தார். ஒவ்வொருவரும் அதற்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு முறை காசு எறிய வேண்டும். முதல் முறை கிட்டத்தில் போட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்த முறை தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்டவர்கள் கிட்டத்தில் போட்டார்கள். யாரும் யாரையும் பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை.

உங்கள் லைனிலும் இதேதான் நடக்கிறது. ஒருவருக்கு ஒரு நாள் பதினைந்து பீஸ் டேமேஜில் போகும், இன்னொரு நாள் ஐந்து. ஊசி, நூல், துணி, முந்தின ராத்திரித் தூக்கம் என்று அதற்கு ஆயிரம் காரணம். நீங்கள் சத்தம் போடுவது அந்தப் பதினைந்து போன நாளில். மறுநாள் அவர் எப்படியும் தன் வழக்கமான அளவுக்குத் திரும்பியிருப்பார். பெயர் உங்கள் சத்தத்துக்குப் போகிறது. சந்தேகமாக இருந்தால் இரண்டு வாரம் ஆள்வாரியாக டேமேஜ் கணக்கு எழுதுங்கள். மோசமான நாளில் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டவர்கள் மறுநாள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

இது பாதி விளக்கம். மீதிப் பாதிதான் உங்களுக்குச் செலவு வைக்கிறது. எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல தலைமை உள்ள வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் அதிகம் இருந்தது! விசாரித்தபோது புரிந்தது: அந்த வார்டுகளில் செவிலியர்கள் தவறை வெளியே சொன்னார்கள். தலைவருக்குப் பயந்த வார்டுகளில் மூடி மறைத்தார்கள்.

தையல் விட்ட பீஸை பண்டிலின் நடுவில் சொருகி அனுப்புவது உங்களுக்குத் தெரியாததல்ல. பீஸ் கணக்கில் கூலி தரும் பீஸ் ரேட்டில், பிரித்துத் தைப்பதற்குக் காசு இல்லை. சொன்னால் லைன் முழுக்கக் கேட்கும்படி திட்டு வேறு. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் சொருகத்தான் செய்வேன். டேமேஜ் குறைந்தது போலத் தெரியும் நாட்களில் அது பண்டிலுக்குள் உட்கார்ந்திருக்கும், அப்புறம் ஃபைனல் செக்கிங்கில் எழுந்து வரும்.

டொயோட்டா கார் ஆலைகளில் தவறைப் பார்க்கும் தொழிலாளியே கயிற்றை இழுப்பார், அல்லது பட்டனை அழுத்துவார். உடனே டீம் லீடர் அவரிடம் வருவார். தீராவிட்டால் லைனே நிற்கும். உங்களுக்குக் கயிறு தேவையில்லை. “அண்ணா, தையல் விட்டுப்போச்சு” என்று ஒருவர் முதல்முறை சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை மற்ற எல்லோரும் பார்ப்பார்கள். “நல்ல வேளை இப்பவே சொன்னீங்க” என்று சொல்லி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவராகக் காட்டிய பீஸைப் பிரித்துத் தைக்கும் நேரத்துக்குக் காசு கிடைக்குமா என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள்.

கண்டிக்கவே கூடாது என்றில்லை. வேண்டுமென்றே அலட்சியம் செய்பவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். ஆனால் பேச்சு பீஸைப் பற்றி இருக்கட்டும், ஆளைப் பற்றி வேண்டாம். க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வேலையைப் பற்றிக் கருத்துச் சொன்ன தருணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கவனம் வேலையிலிருந்து ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதற்குத் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். பாராட்டுக்கும் இது பொருந்தும். “சூப்பர் டெய்லர்” என்பதைவிட “கழுத்துப்பட்டி சுருங்காம வந்திருக்கு” என்பது மேல்.

இன்னொன்று. இப்படி மாறினால் முதல் சில வாரங்களில் லைனில் பதிவாகும் டேமேஜ் கூடும், மறைந்திருந்தது வெளியே வருவதால். புரொடக்‌ஷன் மேனேஜரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் அவர் உங்களைத் திட்டுவார், நீங்கள் பழையபடி லைனுக்கு வந்து சத்தம் போடுவீர்கள்.