மயிலுக்கு விஷம் வேண்டாம், பயிரை மாற்றிப் பாருங்கள்

வணக்கம். கோவைக்கு வெளியே ஆறு குடும்பமாக மூன்று ஏக்கர் எடுத்து, ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகளையும் வரவழைக்கிறீர்கள். மயில்கள் நிலக்கடலை முளையையும் தக்காளியையும் தின்கின்றன, ஒரு கூட்டாளி விஷம் வைக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

விஷப் பேச்சை இன்றோடு விடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை மயில். ஜெயிலுக்கே போக நேரிடும்.

விதைத்த முதல் இரண்டு வாரம்தான் கண்டம். அப்போது காலையிலும் சாயங்காலத்திலும் ஆள் நிற்கட்டும். ஆறு வீடும் முறை வைத்துக்கொண்டால் கஷ்டமில்லை. நாற்றங்காலுக்கு வலை போடுங்கள், ஆனால் இழுத்துக் கட்டுங்கள். தொங்கினால் பறவையும் பாம்பும் சிக்கும். பளபளப்பு ரிப்பன் சில நாள் பயம் காட்டும், அப்புறம் மயிலுக்குப் பழகிவிடும். இடம் மாற்றிக் கட்டுங்கள்.

ஓரத்துத் துண்டுகளில் மயில் அவ்வளவாகத் தொடாத மஞ்சள், சேனை, கறிவேப்பிலை வையுங்கள். கடலையும் தக்காளியும் வீட்டுப் பக்கம் வரட்டும். வேலியோரம் சீமைக் கருவேலம் புதராக மண்டியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள், மயில் பதுங்க அதுதான் வசதி.

பிள்ளைகளிடம் நோட்டு கொடுத்து எத்தனை மயில், எந்தப் பாத்தி, எத்தனை மணி என்று எழுதச் சொல்லுங்கள். காவல் நேரத்தை அதை வைத்தே முடிவு செய்யலாம்.