சம்பள நாள், சந்தை நாள், தண்ணீர் விடும் நாள்: மளிகை, சமையல், காலண்டர் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் குடும்பத்து மளிகைக் கடையில் இருபது வருடத்துக்கு மேல் சீட்டைப் பார்த்துச் சாமான் கட்டியிருக்கிறேன். ஒரு வீட்டுச் சீட்டைக் கையில் வாங்கினாலே அந்த வீட்டில் எத்தனை பேர் சேர்ந்து யோசிக்கிறார்கள், யார் ஒருத்தர் மட்டும் மனதில் சுமக்கிறார் என்று தெரிந்துவிடும். இந்தத் தடவை வந்த கேள்விகள் பலதும் அந்த ஒருத்தரிடமிருந்து வந்தவை.

வீட்டுக்காரரும் நானும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். சனிக்கிழமை சம்பளம். மாதத்துக்கு ஒரு தடவை மளிகை வாங்கினால்தான் மிச்சம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்களுக்கோ புதன்கிழமையே கை காலியாகிவிடுகிறது. (திருப்பூர்)

வாரச் சம்பளத்துக்கு மாத மளிகைச் சீட்டு ஒத்துவராது, அதை முதலில் விட்டுவிடுங்கள். மாதச் சீட்டையே நாலாகக் கிழித்து நாலு சனிக்கிழமைக்குக் கொடுத்துவிடலாம். முதல் சனிக்கிழமை அரிசியும் எண்ணெயும், இரண்டாவது வாரம் பருப்பு பயறு வகையெல்லாம், மூன்றாவது வாரம் மிளகாய், மல்லி, புளி, சர்க்கரை, டீத்தூள், நாலாவது வாரம் சோப்பு, பேஸ்ட், துணி துவைக்கும் பவுடர். இப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு வகையை மட்டும் மாதத்துக்குப் போதுமான அளவு வாங்கினால், அவசரத்துக்கு ஐம்பது கிராம், நூறு கிராம் பொட்டலமாக வாங்கும் பழக்கம் தானாக நின்றுவிடும். கடையில் நின்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், வாரச் சம்பள வீடுகளில் காசு கரைகிற இடமே அந்தப் பொட்டலம்தான்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடை விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். இரண்டு பேரும் வேலைக்குப் போவதால் வாங்க முடியாமல் மாதம் ஓடிவிடுகிறது என்றால், யார் எந்த நாளில் போவது என்று மாதத் தொடக்கத்திலேயே எழுதி வையுங்கள். அதை வாங்கிய பிறகு இரண்டாவது வாரப் பருப்புக் கணக்கைப் போடுங்கள்.

புதன்கிழமைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதற்கு முன்னாலேயே புதன்கிழமைக் காய்க்கான காசைத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். கறி எடுத்தது போக மிச்சம் இருந்தால் போடலாம் என்றால் மிச்சமே இருக்காது. அப்புறம், வருடத்தில் நாலைந்து மாதங்களில் ஐந்தாவது சனிக்கிழமை ஒன்று வரும். அந்த வாரம் மளிகை எதுவும் வாங்க வேண்டியதில்லை. அந்தச் சம்பளத்தில் சாமானுக்கு ஒதுக்கும் பணத்தை மொய்க்கு எடுத்து வையுங்கள்.

தினமும் ராத்திரி 9 மணிக்கு "நாளைக்கு என்ன" என்று யோசிப்பதிலேயே அலுத்துவிடுகிறேன். வாரம் முழுக்கத் திட்டம் போட்டுப் பார்த்தேன், மூன்றாம் நாளே கலைந்துவிட்டது. (கோவை, கணபதி)

மூன்று வேளைக்கும் ஏழு நாளைக்கும் எழுதியிருப்பீர்கள், அதனால்தான் கலைந்தது. குழம்பை மட்டும் முடிவு செய்யுங்கள். குழம்பு தெரிந்துவிட்டால் பொரியலை அன்றைக்கு இருக்கும் காய் முடிவு செய்துவிடும், காலை டிபனை மாவு முடிவு செய்துவிடும்.

எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாளை மட்டும் அசையாமல் கட்டி வைத்திருக்கிறேன். திங்கள் கொள்ளு. ஞாயிறு ராத்திரி ஊறவைத்தால் போதும், வெந்த தண்ணீரை இறுத்து ரசம், கொள்ளை மசித்தால் கொள்ளுப்பருப்பு, ஒரே குக்கரில் இரண்டும் முடிந்துவிடும். வியாழன் கீரைக் கடைசல் அல்லது பச்சைப்பயறு கடைசல். யாராவது தாமதமாக வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிகிற நாளில் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைக்கும் அரிசிம்பருப்பு சாதம், ஏனென்றால் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரிப்பதுதான் அதில் வேலை, அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையே டிவி பார்த்துக்கொண்டே உரித்துக் கொடுக்கும். மீதி நாட்களைக் காலியாக விடுங்கள். ஒரம்பரை, அதாவது விருந்தாளிகள், வருவார்கள், பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வரும், அதற்கெல்லாம் இடம் வேண்டும்.

நம் ஊரில் இன்னும் இரண்டு விஷயத்தைப் பார்க்காமல் சமையல் திட்டம் போடவே கூடாது. ஒன்று தண்ணீர் விடும் நாள். குடம், டிரம் நிரப்பவே காலை போய்விடும், அன்றைக்குச் சாதம் ஒரு குழம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள். பேப்பரில் முந்தின நாளே வந்துவிடும். காலையில் போனால் சாயங்காலம்தான் வரும், அதனால் மாவையும் சட்னியையும் முதல் நாள் ராத்திரியே அரைத்துவிடுங்கள்.

என் கணவர் எல்லாவற்றையும் போனில் பகிர்ந்துகொள்ளும் காலண்டரில் போடச் சொல்கிறார். அத்தைக்குப் போன் பார்க்க வராது. எதில் எழுதுவது? (ஈரோடு)

சுவரில்தான். தினசரிக் காலண்டர் வேறு, அது அமாவாசை, கிருத்திகை, முகூர்த்தம் பார்க்க இருக்கட்டும். பக்கத்திலேயே பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்றை மாட்டி, ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா தேட வேண்டியிருந்தால் யாரும் எழுத மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கணவர் அதைப் போட்டோ எடுத்துப் போனில் ஏற்றிக்கொள்ளட்டும், அந்த வேலை அவருடையது. அத்தையிடமும் கேட்டு எழுதுங்கள். கறி எடுக்கக் கூடாத நாள், குலதெய்வம் கோயில் நோம்பி (திருவிழா), டாக்டரிடம் போகும் நாள் எல்லாம் அவருக்கு நினைவிருக்கும். வீட்டில் வேறு யாருக்கும் இருக்காது.

உழவர் சந்தையில் மலிவாக இருக்கிறதே என்று பை நிறைய வாங்கி வருகிறேன். பாதி வாடி வீணாகிறது. (கோவை, சிங்காநல்லூர்)

வாசலில் விலைப் பலகை இருக்கும், அதைப் படித்துவிட்டு அங்கேயே நின்று ஐந்து காயை மட்டும் முடிவு செய்யுங்கள். வாங்குவது எவ்வளவு என்பதை விட எந்த வரிசையில் சமைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். கீரை அன்றைக்கே, வெண்டை, அவரை, கத்தரி அடுத்த இரண்டு மூன்று நாளில், பூசணி, சேனை, உருளை கடைசியில். தக்காளியில் பாதி பழமாக, பாதி செங்காயாக எடுங்கள். சின்ன வெங்காயத்தைப் பிளாஸ்டிக் கவரில் கட்டியே வைத்துவிட்டால் வேர்த்து அழுகிவிடும், முறத்திலோ மூங்கில் தட்டிலோ பரப்புங்கள், உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள்.

ஊரிலிருந்து அம்மா தேங்காய், தட்டப்பயறு, நிலக்கடலை எல்லாம் மூட்டையாகக் கொடுத்துவிடுகிறார். ஆனாலும் மளிகைச் செலவு குறையவில்லை. (பொள்ளாச்சி)

மூட்டை வந்ததும் சீட்டில் அதே சாமானை அடித்துவிடுகிறீர்களா? பெரும்பாலும் அடிக்க மாட்டோம், கை பழக்கத்தில் எழுதிவிடும். பயறை ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் காய்ந்த மிளகாய் நாலு போட்டு மூடுங்கள். டப்பா மேல் வந்த தேதியை எழுதுங்கள். அது தீரும்வரை அந்த வரி சீட்டில் வரக்கூடாது.

வைகாசி, ஆவணி, தை வந்தால் எங்கள் கணக்கு உடைந்துவிடுகிறது. ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று பத்திரிகை. (கோபி பக்கம்)

பத்திரிகை வந்த அன்றைக்கே அதைக் காலண்டர் கட்டத்தில் எழுதி, பக்கத்திலேயே மொய் எவ்வளவு, யார் போவது என்று முடிவு செய்துவிடுங்கள். மொய் நோட்டை எடுத்து அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வாக்குவாதம் பாதியாகக் குறையும். நெருங்கின சொந்தத்துக்குச் சீர் செய்ய வேண்டியிருந்தால் அது தனிக் கணக்கு, மளிகைப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

கல்யாணத்துக்குப் போகும் நாளில் வீட்டில் ஒரு வேளையோ இரண்டு வேளையோ அடுப்பு எரியாது. அந்த வேளைக்குச் சேர்த்து வாங்கிய காய்தான் குப்பைக்குப் போகிறது, ஆகவே அந்த வாரச் சந்தைப் பையைச் சிறிதாக்குங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு இளைப்பாறக் கிடைக்கும் மாதம் எது என்று கட்டத்திலேயே தெரியும். அந்த மாதத்தில் ஒதுக்கும் பணத்தைப் பங்குனி வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கான மிளகாய், மல்லி, மஞ்சள் வாங்கிக் காயவைத்து மில்லுக்குக் கொடுக்க அதுதான் காலம்.