ஸ்டீரியோவுக்குத் தனி லைன் இழுக்கலாமா?: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது மாடியுடன் கூடிய தனி வீடு. கீழே வாசலை ஒட்டி மெயின் போர்டு இருக்கிறது. மாடிக் கூடத்தில் ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், சி.டி. பிளேயர், தொலைக்காட்சி ஆகியவற்றை ஒன்றாக இணைத்து வைத்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபயரை இயக்கியதும் ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் தொடர்ந்து கேட்கிறது. பக்கத்து அறையில் ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது 'டப்' என்று ஓர் ஒலியும் வருகிறது. 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனி லைன் இழுத்தால் இரண்டும் போய்விடும் என்று கருவியை விற்றவர் சொல்கிறார். அந்தச் செலவு தகுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் குறிப்பிடும் இரண்டு ஒலிகளுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. தனி லைன் இரண்டாவதைப் பெரும்பாலும் குறைத்துவிடும். முதலாவதைத் தொடாமலே விட்டுவிடவும் கூடும். ஆகவே சுவரை உடைப்பதற்கு முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்து, அதன் பின்புறம் வந்து சேரும் எல்லாக் கேபிள்களையும் கழற்றி, ஸ்பீக்கர் ஒயர்களை மட்டும் விட்டுவிட்டு மீண்டும் இயக்குங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கிறது. அதிலும் 100 ஹெர்ட்ஸ் அளவிலான கரகரப்பாக இருந்தால் மின்வழங்கிப் பகுதியின் கெப்பாசிட்டர்கள் தேய்ந்திருக்கலாம். ஒலி ஸ்பீக்கரில் இல்லாமல் கருவியின் பெட்டியிலிருந்தே எழுந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. இந்த இரண்டுக்கும் புதிய லைன் மருந்தல்ல. மாறாக, கேபிள்களைக் கழற்றியதும் நிசப்தமாகிவிட்டால், ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கருவியை அணைத்த பிறகே மாட்ட வேண்டும். ரெக்கார்டு பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் பின்புறத் திருகில் இணைக்காமல் விட்டாலே இரைச்சல் வரும். அது சரியாக இருந்தால், அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது தொலைக்காட்சிக்கு வரும் கேபிள் டி.வி. ஒயரை. அதன் உலோக வலை உறை தெருவில் வேறோர் இடத்தில் பூமியைத் தொட்டிருக்கும். உங்கள் ஆம்ப்ளிஃபயரோ வீட்டு எர்த் குழியின் வழியாகப் பூமியைத் தொடுகிறது. இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு ஒலிக்கேபிளின் உறை வழியாக மின்சாரத்தைச் செலுத்துகிறது. அதைத்தான் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாக நீங்கள் கேட்கிறீர்கள். தொலைக்காட்சியின் ஒலியை ஆப்டிகல் கேபிள் வழியாகக் கொண்டுவந்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். பல வீடுகளில் அந்த ஒரு கேபிளோடு வேலை முடிந்துவிடுகிறது.

இனி ஃப்ரிட்ஜ். மாடியின் பிளக் பாயின்டுகள் எல்லாம் ஒரே லைனில் இருந்தால், அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரின் தடை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகிவிடுகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மெயின் போர்டிலிருந்து 15 மீட்டர் தூரம் போகிறதென்றால், போக வர 30 மீட்டருக்கு அதன் தடை ஏறத்தாழ 0.24 ஓம். கம்ப்ரஸர் புறப்படும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அது 10 ஆம்பியர் என்று கொண்டால், உங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு வரும் மின்னழுத்தம் அந்தக் கணத்தில் 2.4 வோல்ட் சரிகிறது. அதோடு தெர்மோஸ்டாட் தொடுமுனையில் எழும் பொறியின் அதிர்வும் அதே ஒயரில் பயணம் செய்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு டி.பி. பெட்டியிலிருந்தே (மெயின் போர்டில் மின்சாரத்தைப் பல லைன்களாகப் பிரிக்கும் பெட்டி) தனி லைன் வந்துவிட்டால், இரண்டுக்கும் பொதுவாக இருப்பது மீட்டரிலிருந்து டி.பி. பெட்டி வரையிலான தடித்த ஒயர் மட்டுமே. தனி லைனின் உண்மையான பயன் இந்தப் பிரிவினைதான், ஒயரின் பருமன் அன்று.

பருமனைப் பற்றியும் கணக்குப் பார்த்துவிடலாம். நடுத்தர ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று உரத்து ஒலிக்கும்போதும் 3 ஆம்பியருக்கு மேல் இழுப்பது அரிது. அதே 15 மீட்டர் தூரத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் அப்போது ஏறத்தாழ 0.7 வோல்ட்டையும், 4 சதுர மில்லிமீட்டர் 0.45 வோல்ட்டையும், 6 சதுர மில்லிமீட்டர் 0.3 வோல்ட்டையும் இழக்கும். தெருக் கம்பத்திலிருந்து வரும் 230 வோல்ட்டே ஒரு நாளில் இதைவிடப் பன்மடங்கு ஏறி இறங்குகிறது. 4 சதுர மில்லிமீட்டர் தாராளமாகப் போதும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட்டின் திருகுக் குழியில் பெரும்பாலும் ஒழுங்காக அமர்வதில்லை. சில ஒயர்மேன்கள் இழைகளை வெட்டிக் குறைத்துத் திணிக்கிறார்கள். தளர்ந்த இணைப்பு சூடேறித் தீப்பிடிக்கும். தடித்த ஒயரால் கிடைக்கும் நன்மையை எல்லாம் அந்த ஒரு தளர்வு அழித்துவிடும்.

எனவே செய்யத் தகுந்த முறை இது. டி.பி. பெட்டியில் 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்று போடுங்கள். ஆம்ப்ளிஃபயரிலுள்ள பெரிய டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் இயங்கத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்சாரத்துக்கு 'பி' வகை காரணமின்றி விழுந்துவிடக் கூடும். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஒரே பைப்பில், இடையில் எங்கும் ஜாயின்ட் இல்லாமல் கூடம் வரை செல்ல வேண்டும். நியூட்ரலை அருகிலுள்ள ஸ்விட்ச் போர்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள், ஆர்.சி.சி.பி. (மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அடிக்கடி விழுவதற்கு அது முதன்மையான காரணம். கூடத்தில் நான்கு சாக்கெட்டுகளை அருகருகே பொருத்தி, இசைத் தொடரிலுள்ள எல்லாக் கருவிகளையும் அங்கேயே செருகுங்கள். ஒன்றையாவது பழைய லைனில் விட்டுவிட்டால் பிரிவினை பாதியாகிவிடும். வேலை முடிந்ததும், கருவிகள் எதையும் மாட்டுவதற்கு முன், 500 வோல்ட் மெக்கர் வைத்துக் காப்புத்தடையை அளந்து காட்டச் சொல்லுங்கள். சாக்கெட்டை எதிரே நின்று பார்க்கும்போது எர்த் மேலேயும் ஃபேஸ் வலப்புறமும் இருக்க வேண்டும். அரசின் தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேனிடமே இந்த வேலையை ஒப்படையுங்கள்.

கேள்வி: ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றியதும் இரைச்சல் முற்றிலும் நின்றுவிட்டது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா? அல்லது ஸ்டீரியோவுக்கென்று தோட்டத்தில் தனி எர்த் குழி தோண்டினால் நல்லதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பின்னை இன்றே திரும்பப் பொருத்துங்கள். உலோகப் பெட்டி கொண்ட ஆம்ப்ளிஃபயரில், உள்ளே ஒரு ஒயரின் காப்பு உரிந்து பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரத்துக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பான வழி எர்த் ஒயர். அது இல்லாதபோது, ஒலியைக் கூட்டத் திருகைத் தொடுபவரின் உடலே வழியாகிவிடும். இரட்டைச் சதுரக் குறி பொறித்த கருவிகள் இரட்டைக் காப்புடன் செய்யப்பட்டவை. அவை இரண்டு பின்னோடு வருவதில் தவறில்லை. மூன்று பின்னோடு வந்த கருவியை இரண்டு பின் கருவியாக்கும் உரிமை பழுது பார்ப்பவருக்கும் இல்லை, நமக்கும் இல்லை. பின்னைக் கழற்றியதும் இரைச்சல் நின்றது என்பது நல்ல தடயம்: இன்னொரு கருவி வேறு வழியாகப் பூமியைத் தொடுகிறது என்று அது காட்டுகிறது. அந்தக் கருவியைக் கண்டுபிடித்து, அதன் ஒலிக்கேபிளில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சேர்த்தால் எர்த்தை இழக்காமலே இரைச்சல் போகும்.

தனிக் குழி யோசனை நல்ல நோக்கத்தோடு சொல்லப்படுவது. ஆனாலும் அதை நான் உறுதியாக மறுக்கிறேன். வீட்டு எர்த்தோடு இணைக்கப்படாத இரண்டாவது குழி வந்துவிட்டால், கைக்கெட்டும் தூரத்திலுள்ள இரண்டு உலோகப் பெட்டிகள் இரு வேறு பூமிகளைத் தொட்டு நிற்கும். அருகில் இடி விழும்போது அந்த இரண்டு குழிகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் தோன்றக்கூடும். அது பாய்வதற்குக் கிடைக்கும் பாதை உங்கள் ஒலிக்கேபிள்தான். இன்னொன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். குழியின் தடை 10 ஓம் என்றால், பழுதின்போது 230 வோல்ட் செலுத்துவது 23 ஆம்பியர். 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழுவதற்கு 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். 23 ஆம்பியரை அது பல நிமிடங்கள், ஏன், ஒரு மணி நேரத்துக்கு அருகிலும்கூடத் தாங்கி நிற்கலாம். இந்தக் குறை வீட்டின் பொதுக் குழிக்கும் உண்டு என்பதால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும் என்கிறேன். உங்கள் பகுதி பாறை நிலமாக இருந்தால் குழியின் தடை கோடையில் இன்னும் உயரும். புதிய குழிக்கு ஒதுக்கிய பணத்தில் பழைய குழியின் தடையை அளக்கச் செய்து, பைப்பின் தலையிலுள்ள துருப்பிடித்த கிளாம்பை மாற்றி, கோடையில் தண்ணீர் ஊற்றி வாருங்கள். இரண்டாவது குழி தோண்டியே ஆக வேண்டுமென்றால், அதைத் தகுந்த பருமனுள்ள ஒயரால் பொது எர்த்தோடு கட்டாயம் பிணைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கிறது, இன்வெர்ட்டரும் உண்டு. தனி லைனை எதிலிருந்து எடுப்பது?
– வாசகர், சென்னை

பதில்: இசைத் தொடர் முழுவதும் ஒரே ஃபேஸில் இருக்கட்டும். இரண்டு மோனோ ஆம்ப்ளிஃபயர்களை இரண்டு ஃபேஸ்களில் மாட்டினால் சுமை பகிர்ந்துகொள்ளப்படும் என்று எண்ணுபவர்கள் உண்டு. அவ்வாறு செய்தால் ஒரே மேசையில் 400 வோல்ட் வேறுபாட்டைக் கொண்டுவந்து வைத்தவர்களாகிறோம். ஏ.சி., மோட்டார் பம்ப் ஆகியவை இல்லாத ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் கருவிக்கு அதைவிட மிக உயர்ந்த மின்னழுத்தம் போய்விடும் அபாயம் உண்டு. ஆகவே அந்த லைனில் உயர், தாழ் மின்னழுத்தத்தில் தானாகத் துண்டிக்கும் காப்புக் கருவியைச் சேர்ப்பது அறிவுடைமை. இன்வெர்ட்டர் லைனை இசைக்கு எடுக்க வேண்டாம். சதுர அலை இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் இரையும், சூடேறும்.

கேள்வி: வாடகை வீட்டில் சுவரை உடைக்க முடியாது. வேறு வழி உண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: வீட்டு உரிமையாளரின் ஒப்புதலோடு, சுவரின் மேல் பி.வி.சி. கேசிங் ஒட்டி லைனைக் கொண்டுவரலாம். வீடு மாறும்போது கழற்றிக்கொள்ளலாம். அதுவும் முடியாதபோது, எல்லாக் கருவிகளையும் தரமான ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் மாட்டி, அந்தப் பலகையை ஃப்ரிட்ஜ் இல்லாத லைனிலுள்ள 16 ஆம்பியர் பாயின்டில் செருகுங்கள். அந்த அறையில், லைனில் இரைச்சலைக் கிளப்பும் டிரையாக் வகை (எலெக்ட்ரானிக்) மின்விசிறி ரெகுலேட்டர் இருந்தால், அதை எடுத்துவிட்டுக் கெப்பாசிட்டர் வகை படிநிலை ரெகுலேட்டரைப் பொருத்துங்கள். பழையதைப் பத்திரமாக வைத்திருந்து, வீட்டைக் காலி செய்யும்போது மீண்டும் மாட்டிவிடலாம்.