வேலைக்குச் சேர்ந்த பிறகு நண்பர்களைத் தேடுவது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 24. பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பையும் தேசிய சேவையையும் முடித்துவிட்டு, ஓராண்டாக ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். உடன் படித்தவர்கள் பல்கலைக்கழகத்திற்குச் சென்றுவிட்டார்கள். சக ஊழியர்கள் வயதில் மிகவும் மூத்தவர்கள். நட்புச் செயலி ஒன்றில் சேர்ந்தேன், சில பயிலரங்குகளுக்கும் போனேன். எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால், பிறகு யாருடனும் தொடர்பு இல்லை. குறை என்னிடம்தானா? (சிங்கப்பூர், ஈசூன் வாசகர்)

பதில்: உங்களிடம் குறை இருப்பதாக நான் கருதவில்லை. பள்ளியிலும் தேசிய சேவை முகாமிலும் ஒரே முகங்களை நாள்தோறும் பார்க்கும்படி உங்கள் கால அட்டவணையே ஏற்பாடு செய்து தந்தது. வேலைக்குச் சேர்ந்ததும் அந்த ஏற்பாடு நின்றுபோயிற்று; இனி அதை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நண்பர் என்றே சொல்லும் நிலையை எட்டச் சுமார் 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்திற்கு மேலும் சேர்ந்து செலவிட வேண்டியிருந்தது. வேலையில் சேர்ந்திருக்கும் நேரத்தைவிட ஓய்வாகக் கழிக்கும் நேரமே நெருக்கத்தைக் கூட்டியது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. இந்த எண்களை வாய்ப்பாடாகக் கொள்ள வேண்டாம். ஆயினும் வாரம் 2 மணி நேரம் ஒருவரைச் சந்தித்தால் 50 மணி நேரம் சேர ஏறக்குறைய அரை ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், ஒருநாள் பயிலரங்கில் கலகலப்பாகப் பேசியவர்கள் ஏன் மறைந்துபோனார்கள் என்பது விளங்கும்.

ஆகவே, புதுப்புது நிகழ்ச்சிகளுக்குப் போவதை நிறுத்திவிட்டு, வாராவாரம் அதே ஆட்கள் கூடும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, மூன்று மாதங்களுக்காவது விடாமல் செல்லுங்கள். அங்கே கைக்கோ காலுக்கோ ஒரு வேலை இருப்பது நல்லது. பேச்சு வராத நேரத்தில் அதுவே துணை நிற்கும். உங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நடக்கும் பூப்பந்து, சமையல், இசை வகுப்புகளில் பல வாரங்கள் தொடர்வதைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டம் பிடிக்குமென்றால், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் பீஷானிலும் சனிக்கிழமைதோறும் காலை 7.30 மணிக்கு ‘பார்க்ரன்’ என்ற 5 கிலோமீட்டர் ஓட்டம் கட்டணமின்றி நடைபெறுகிறது. அங்கு ஓடிவிட்டு உடனே வீடு திரும்பினால் பயன் குறைவு. நேரம் குறிப்பது, வழிகாட்டுவது போன்ற பணிகளில் தொண்டூழியராகச் சேருங்கள். மற்றவர்கள் தாமாகவே உங்களிடம் வந்து பேசுவார்கள்.

தமிழ் பேசும் நட்பு வேண்டுமென்றாலும் இதே முறைதான். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் நடக்கும் தமிழ்மொழி விழாவில் பார்வையாளராக அமர்ந்திருப்பவரை யாரும் அறியமாட்டார்கள். ஒரு நிகழ்ச்சியின் ஏற்பாட்டுக் குழுவில் சில மாதங்கள் உழைப்பவரை எல்லாரும் அறிவார்கள். தைப்பூசத் தொண்டூழியத்திற்கும் இது பொருந்தும். இலக்கிய ஆர்வம் இருந்தால் கவிமாலை என்ற கவிதை அமைப்பின் மாதக் கூட்டங்களுக்குச் செல்லலாம். மாதம் ஒருமுறை என்பது நட்புக்குச் சற்று மெதுவான வேகம் என்பதால், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

பெரும்பாலோர் தயங்கி நிற்பது அடுத்த படியில்தான். வகுப்பில் பழகியவரை வகுப்புக்கு வெளியே யாராவது ஒருவர் அழைத்தாக வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். “ஒருநாள் சந்திப்போம்” என்பதை யாரும் அழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை. “வியாழக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பக்கத்து உணவங்காடி நிலையத்தில் சாப்பிடப் போகிறேன், வருகிறீர்களா?” என்று நாளையும் இடத்தையும் சொல்லிக் கேளுங்கள். முதன்முறை பேசிக்கொள்பவர்கள், மற்றவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்பதை 2018இல் வெளிவந்த மற்றோர் உளவியல் ஆய்வு கண்டறிந்தது. பயிலரங்கு முடிந்து பிரிந்து போகும்போது “இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை போலும்” என்று உங்களுக்குத் தோன்றியது தவறான கணிப்பாகவே இருந்திருக்கக்கூடும். வேலை நேரம், பகுதிநேரப் படிப்பு, வீட்டுப் பொறுப்பு எனச் சிங்கப்பூரில் யாருக்கும் நேரம் எளிதில் கிடைப்பதில்லை. ஒருமுறை மறுத்தவரை இன்னொரு முறை கேளுங்கள். அப்போதும் மாற்று நாள் ஏதும் சொல்லாவிட்டால் மனவருத்தமின்றி வேறொருவரை அழையுங்கள்.

செயலி வழி அறிமுகமானவரைப் பொது இடத்தில் மட்டுமே சந்தியுங்கள். நேரில் பார்த்திராதவர் பணம் கேட்டாலோ முதலீடு பற்றிப் பேசினாலோ உடனே விலகிவிடுங்கள். தனிமை தூக்கத்தையும் பசியையும் பாதிக்கும் அளவுக்கு வாட்டினால், 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

பல்கலைக்கழகத்திற்குச் சென்ற பழைய நண்பர்களையும் விட்டுவிடாதீர்கள். பாடங்கள் நெருக்கும்போது அவர்கள் குறுஞ்செய்திக்குப் பதில் போடாமல் இருப்பது இயல்பு. உள்ளூரில் படிப்பவர்களுக்கு டிசம்பரிலும், மே மாதம் தொடங்கி ஜூலை வரையிலும் விடுமுறை வரும். அப்போது குழுவில் பொதுவாகக் கேட்காமல், ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துப் பேசுங்கள். உங்கள் வார ஆட்டத்திற்கே அவர்களையும் கூட்டிவரலாம்.