மற்ஸ் படிக்கும் பெண் பிள்ளைகள் குறைவு என்றால்?

கேள்வி: மகள் ஓ.எல். (சாதாரண தரச் சோதனை) எழுதிவிட்டாள். ஏ.எல்.லுக்கு (உயர்தரத்துக்கு) மற்ஸ்தான், அதாவது கணிதப் பிரிவுதான், படிப்பேன் என்று நிற்கிறாள். என் அண்ணரோ, "பொறியியல் பீடத்திலை பொடியள்தான் கூட, பெட்டையளுக்கு அது சரிவராது எண்டு கணக்கே சொல்லுது, பயோ (உயிரியல் பிரிவு) படிக்கட்டும்" என்கிறார். அந்தக் கணக்கை நம்பலாமா?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: தங்கச்சி, அண்ணர் சொல்லும் எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது யாரை எண்ணி வந்த எண்? சும்மா ஒரு உதாரணத்துக்கு, மற்ஸில் 100 பையன்களும் 20 பெண் பிள்ளைகளும் சோதனை எழுதி, இரண்டு பக்கத்திலும் பத்துக்கு ஒருவர் பொறியியலுக்கு எடுபடுகிறார்கள் என்று வைப்போம். உள்ளே போவது 10 பையன்கள், 2 பெண்கள். பீடத்து வாசலில் நின்று எண்ணுகிறவருக்கு ஆறில் ஒருவர்தான் பெண். சோதனையில் இரு பக்கமும் சமமாகத்தானே செய்தது! குறைவு விழுந்தது, ஓ.எல். முடிந்து பாடம் தெரிவு செய்த அந்த வீட்டு விறாந்தையில்.

அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973இல் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 வீதமும் பெண்களில் 35 வீதமும் எடுபட்டார்கள். பெண்களை ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். துறை துறையாகப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு: பெரும்பாலான துறைகளில் அப்படி ஒதுக்கியதாகத் தெரியவில்லை, பெண்கள் கூடுதலாக விண்ணப்பித்தது எவருக்குமே இடம் கிடைக்கக் கஷ்டமான துறைகளுக்கு. பெரிய துறை ஒன்றில் ஆண்களில் 62 வீதமும் பெண்களில் 82 வீதமும் எடுபட்டார்கள். உடனே பெண்கள்தான் கெட்டிக்காரர் என்று நாங்கள் சொல்லிவிடவும் கூடாது. அந்தத் துறைக்கு விண்ணப்பித்த ஆண்கள் 825 பேர், பெண்கள் 108 பேர்தான். நல்லாகச் செய்வோம் என்ற நம்பிக்கை உள்ளவர்கள் மட்டும் துணிந்து வந்திருக்கலாம். அந்த எண்ணில் அதற்கு விடை இல்லை.

சரி, மகளின் விஷயம். பள்ளிக்கூடத்தில் கேளுங்கள், போன வருடங்களில் மற்ஸ் எடுத்த பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் மூன்று பாடமும் சித்தியடைந்தார்கள் என்று. ஐந்தாறு பேர்தான் என்றால் அதிலும் வீதம் பார்க்காதீர்கள், ஒரு பிள்ளைக்குச் சோதனையன்று காய்ச்சல் வந்தாலே அது தலைகீழாகிவிடும். பீடத்தில் எத்தனை பெண்கள் என்பதைவிட, தீராத கணக்கோடு அவள் அடுத்த நாளும் குந்துகிறாளா என்பதுதான் எனக்குப் பெரிய தகவல். இணைந்த கணித ரியூசன் முடிய இருட்டிவிடும், கூட்டிவர ஆள் வேண்டும். அதற்கு அண்ணரைக் கேட்டுப் பாருங்கள்.