கேள்வி நேரம்: ஜெர்மனியில் மதம் படிக்க

கேள்வி: பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். ஜெர்மனியில் மதங்களைப் பற்றி எம்.ஏ. படிக்க ஆசை. நான் கிறிஸ்தவன் அல்ல. இடம் கிடைக்குமா?
– வாசகர், மதுரை

பதில்: கிடைக்கும், துறையின் பெயரைச் சரியாகப் பார்த்து விண்ணப்பித்தால். ‘தெயோலோகி’ என்றிருந்தால் அது சபை சார்ந்த இறையியல். போதகராகப் படிப்பவர்கள் எபிரேயம், கிரேக்கம், லத்தீன் எல்லாம் கற்க வேண்டும். உங்களுக்கானது ‘ரெலிகியோன்ஸ்விஸ்ஸென்ஷாஃப்ட்’, அதாவது மதவியல். வாயில் நுழையாவிட்டாலும் இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே உங்கள் நம்பிக்கை என்னவென்று கேட்கமாட்டார்கள்.

பலர் கோட்டைவிடுவது நோக்கக் கடிதத்தில்தான். “சிறுவயது முதலே முருக பக்தன்” என்று தொடங்கினால் எடுபடாது. “பழனி பாதயாத்திரையில் அன்னதானத்தை எந்தச் சமூகங்கள் நடத்துகின்றன, அதனால் அவர்களுக்குக் கோயிலில் என்ன உரிமை வருகிறது?” என்று ஒரு கேள்வியோடு தொடங்குங்கள், அதை எந்த ஆவணங்களை வைத்து ஆராய்வீர்கள் என்றும் எழுதுங்கள்.

பாடம் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். டெஸ்ட்டாஃப் என்ற ஜெர்மன் மொழித் தேர்வில் நான்கு பிரிவிலும் நிலை 4 வாங்குவது பொதுவான நிபந்தனை. அடிப்படையிலிருந்து தொடங்கினால் ஒன்றரை வருடமாவது ஒதுக்குங்கள். இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று விசாவுக்குக் கட்டாயம், கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். தெற்காசிய நிறுவனத்தில் தமிழும் கற்பிக்கும் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் நல்ல தேர்வு. ஆனால் அது இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு ஒரு பருவத்துக்கு (செமஸ்டர்) 1,500 யூரோ கட்டணம் உண்டு.